கடைமடையில் ஒரு முன்சீப்

ஐப்பசி 1

விடியுமுன்பே துலாக் கட்டத்துக்கு வந்துவிட்டேன். இரவு பெய்த மழையில் படிகள் வழுக்குகின்றன. ஆற்றின் நடுவில் நந்தி இன்னும் இருட்டுக்குள் இருக்கிறது. ஈரப் புடவையோடு படியேறிய ஒரு கிழவி, யாரிடம் என்றில்லாமல், "தண்ணி நல்லா வருது இந்த வருஷம்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

துலா என்றால் தராசு. சூரியன் துலா ராசிக்குள் நுழைகிற மாதம் என்பதால் ஐப்பசிக்குத் துலா மாதம் என்று பெயர். அந்த மாதம் முழுக்க முழுக்குப் போடுகிற இடம் என்பதால் இந்தப் படித்துறைக்கும் அதே பெயர். முப்பத்தொரு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக நீதிமன்ற வராந்தாவில் நின்றவனுக்குத் தராசு என்ற சொல் வேறு மாதிரி கேட்கிறது.

இந்த ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வாங்கிக்கொண்ட ஒரு நீதிபதி இருந்தார். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூடச் சொல்லும். நீதிபதியாக என்ன செய்தார் என்று கேட்டால் சொல்லக்கூடியவர்கள் குறைவு. இந்த மாதம் முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கப் போகிறேன். பையில் ஒரு நோட்டு, ஒரு பேனா. மழைக்கு ஒரு பாலித்தீன் உறை.

ஐப்பசி 3

தெரிந்ததை முதலில் எழுதி வைக்கிறேன். பிறந்தது 1826 அக்டோபர் 11, திருச்சிக்குப் பக்கத்தில் குளத்தூர். கத்தோலிக்கக் குடும்பம். திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். அதே நீதிமன்றத்தில் பதிவேடுகளைப் பாதுகாக்கும் வேலை கிடைத்தது. பிறகு மொழிபெயர்ப்பாளர். 1850-களின் பின்பாதியில் தரங்கம்பாடியில் முன்சீப். அப்புறம் சீர்காழி, மாயூரம். 1872-ல் வேலையை விட்டார். இந்த ஊர் நகராட்சியின் தலைவராகவும் இருந்தார். 1889 ஜூலை 21 அன்று மறைந்தார்.

இதில் என் மனம் நிற்கிற இடம், முன்சீப் ஆவதற்கு முன்னால் அவர் பார்த்த வேலை. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் என்பவர் ஒரு வாய்க்கும் ஒரு காதுக்கும் நடுவில் நிற்கிறவர். குடியானவர் கூண்டில் ஏறி, "பங்காளி என் வரப்பை வருஷத்துக்கு ஒரு சாண் வெட்டி வெட்டி உள்ள வந்துட்டான் சாமி" என்று அழுவார். அது துரையின் காதுக்குப் போகும்போது 'ஆக்கிரமிப்பு' என்று ஒற்றைச் சொல்லாகிவிடும். வருஷத்துக்கு ஒரு சாண் என்பதில் இருந்த பத்து வருஷத்து மௌனம், அண்ணன் தம்பிக்குள் போகட்டும் என்று விட்டது, பொண்டாட்டி பேசியது, கடைசியில் பொறுக்க முடியாமல் போனது, இதெல்லாம் நடுவழியில் கொட்டிப்போகும். திரும்பி வரும் உத்தரவும் அப்படித்தான். துரை மேலே சொன்னது கீழே வரும்போது வேறாகிவிடும்.

அதைத் தினமும் தன் வாயாலேயே செய்துவந்தவர் வேதநாயகம் பிள்ளை. எவ்வளவு கொட்டிப்போகிறது என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு நீதிபதி நாற்காலியில் இருந்த துரைகள் யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

ஐப்பசி 4

நேற்று எழுதியது இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை. அப்பா நினைவு.

எங்களுக்கு ஒரு வாய்க்கால் வழக்கு இருந்தது. எங்கள் இரண்டு மா நிலத்துக்குத் தண்ணீர் வருகிற கன்னி வாய்க்காலை மேல்நிலத்துக்காரர் அடைத்தார். அப்பா பிராது கொடுத்தார். கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தோம். அவர் அப்பீல் போனார். அங்கேயும் ஜெயித்தோம். மறுபடியும் மேலே போனார். பட்டணத்து வக்கீல் ஒருநாள் தபாலில் தீர்ப்பு நகலை அனுப்பினார். ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். அப்பாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். பக்கத்துத் தெரு வாத்தியாரிடம் கொண்டுபோனார். அவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்து, "தள்ளுபடி ஆயிடுச்சுன்னு போட்டிருக்குங்க" என்றார்.

தள்ளுபடி என்ற சொல்லை அப்பா அதற்கு முன் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார், எல்லாம் தோற்றவர்கள் வாயிலிருந்து. அவர் அந்தத் தாளை மடித்துப் பெட்டியில் வைத்தார். அன்று இரவு சாப்பிடவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தாள். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் உள்ளூர் வக்கீலிடம் போனோம். அவர் படித்துவிட்டுச் சொன்னார்: தள்ளுபடி ஆனது எதிராளி போட்ட அப்பீல். நாம் ஜெயித்துவிட்டோம்.

அப்பா சிரிக்கவில்லை. "ராத்திரியே ஜெயிச்சிட்டோமா?" என்று மட்டும் கேட்டார். வாத்தியார் மேல் அவருக்குக் கோபம் இருந்ததில்லை. ஆனால் எங்கள் வெற்றி எங்கள் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே இருந்தும் ஓர் இரவு முழுக்க எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. நான் வக்கீல் குமாஸ்தா ஆனது அந்த இரவினால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஐப்பசி 8

மழை விட்டிருக்கிறது. சம்பா நடவு முடிந்த வயல்களில் பயிர் பச்சை பிடித்துவிட்டது.

1862. வேதநாயகம் பிள்ளை 'சித்தாந்த சங்கிரகம்' என்ற நூலை வெளியிடுகிறார். 1805 முதல் 1861 வரை சென்னை சதர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகளின் சாரம், தமிழில். ஐம்பத்தாறு வருஷத்துத் தீர்ப்புகள். ஒரு முன்சீப் கோர்ட்டின் வேலையை எனக்குத் தெரியும்: காலை முதல் விளக்கு வைக்கும் வரை சாட்சி, வாய்தா, கையெழுத்து. அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒரு மனிதர் இதைச் செய்திருக்கிறார். அதே 1862-ல்தான் சதர் நீதிமன்றம் முடிந்து சென்னை உயர் நீதிமன்றம் உருவானது. பழைய நீதிமன்றத்தின் கதவு சாத்தப்படுகிற நேரத்தில், உள்ளே அதுவரை பேசப்பட்டது என்னவென்று வெளியே நின்றவர்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டார் அவர்.

மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம் என்று பிரிந்து, அதிலிருந்து ஆறுகள், ஆற்றிலிருந்து 'ஏ' வாய்க்கால், 'பி' வாய்க்கால் என்று இறங்கி, கடைசியில் கடைமடைக்கு வரவேண்டும். மேலே எவ்வளவு திறந்தார்கள் என்பது கடைமடைக்காரனுக்குப் பேப்பர்ச் செய்தி. அவன் பார்ப்பது தன் மடையில் தண்ணீர் ஏறுகிறதா என்பதைத்தான். முன்சீப் கோர்ட் நீதியின் கடைமடை. சட்டம் மேலே எத்தனை அடி நின்றாலும், தரங்கம்பாடியிலோ சீர்காழியிலோ ஒரு விதவை தன் ஜீவனாம்சத்துக்கு வந்து நிற்கிற இடத்தில் அது ஏறினால்தான் உண்டு.

ஐப்பசி 9

எங்கள் சீனியரின் கண்ணாடி அலமாரியில் ஆங்கிலச் சட்ட வரலாற்றுப் புத்தகங்கள் இருந்தன. மத்தியான வேளையில் அகராதியை வைத்துக்கொண்டு படிப்பேன். அதில் எட்வர்ட் கோக் என்ற நீதிபதியைப் பற்றிப் படித்தது இத்தனை வருஷம் கழித்து உதவுகிறது.

கோக் 1552-ல் பிறந்தவர். இங்கிலாந்தின் தலைமை நீதிபதி நாற்காலியில் இருந்தவர். அரசனும் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவனே என்று முதலாம் ஜேம்ஸின் முகத்துக்கு நேரே சொன்னவர். 1616-ல் ஜேம்ஸ் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். அவர் நாடாளுமன்றத்துக்குப் போய், 1628-ல் அரசனின் கையைக் கட்டுகிற உரிமை மனுவை முன்னின்று கொண்டுவந்தார். அரசுத் தரப்பு வக்கீலாக இருந்தபோது வால்டர் ராலேயின் விசாரணையில் அவர் வாயிலிருந்து வந்த வசைகளைப் படித்தால் மனம் கசக்கிறது. அவர் இளகிய மனிதர் இல்லை.

எனக்கு முக்கியம் அதே 1628-ல் அவர் செய்த இன்னொரு காரியம். அன்றைக்கு ஆங்கிலேயச் சட்டம் ஆங்கிலத்தில் இல்லை. நார்மன்கள் வந்த நாளிலிருந்து நீதிமன்றப் பேச்சு பிரெஞ்சு, பதிவேடு லத்தீன். வழக்காடுவது மக்களுக்கு விளங்கவில்லை, ஆங்கிலத்தில் வாதிடுங்கள் என்று 1362-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். ஆனாலும் வக்கீல்களின் எழுத்தைவிட்டுப் பிரெஞ்சு போகவில்லை. கோக்கே தன் தீர்ப்புத் தொகுப்புகளை அந்தச் சட்டப் பிரெஞ்சில்தான் எழுதினார். எழுபத்தாறு வயதில், நிலச் சட்டத்தை விளக்கும் தன் பெரிய நூலின் முதல் பகுதியை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஏன் தாய்மொழியில் எழுதினேன் என்று முன்னுரையில் காரணமும் சொன்னார். நீதிமன்றப் பதிவேடுகள் முழுக்க ஆங்கிலத்துக்கு வந்தது 1733-ல். 1362-லிருந்து எண்ணினால் 371 வருஷம்.

ஆங்கிலேய நீதிபதிகள் இந்தக் கதையைத் தங்கள் வரலாறாகவே படித்துவிட்டு நம் ஊருக்கு வந்தவர்கள். புரியாத மொழியில் நியாயம் சொல்லப்படுவது எப்படியிருக்கும் என்பது அவர்கள் பாட்டன்மாருக்குத் தெரியும். இங்கே வந்ததும் அது அவர்களுக்கு நினைவில்லாமல் போய்விட்டது. அதை நினைவில் வைத்திருந்தவர் குளத்தூர்க்காரர்.

ஐப்பசி 10

முன்சீப் என்பது அரபுச் சொல். நியாயம் செய்கிறவர் என்று பொருள். பாதி என்று பொருள்படும் வேரிலிருந்து கிளைத்தது என்று படித்திருக்கிறேன். சரிபாதியாகப் பங்கிடுகிறவர்.

எங்கள் வாயில் புழங்கும் கோர்ட் சொற்கள் எல்லாமே எங்கிருந்தோ ஆற்றோடு வந்தவை. வக்கீல், வாய்தா, ஜப்தி, அமீனா, தாக்கல், ராஜி. நவாபும் மராட்டியரும் துரையும் போய்விட்டார்கள், சொற்கள் வண்டலாகப் படிந்துவிட்டன. படிப்பில்லாத எங்கள் அம்மா "வாய்தா வாங்கிட்டான்" என்று தமிழாகவே சொல்வாள். ஆகவே அயல் சொல்லினால் வந்த தொல்லை இல்லை இது. சொல் மக்கள் வாய்க்கு இறங்கிவிட்டால் அது நம்முடையதுதான். இறங்கவே விடாமல் மேலே தேக்கி வைப்பதுதான் தொல்லை.

ஐப்பசி 14

முத்துசாமி ஐயரையும் எழுத வேண்டும். தஞ்சாவூர் ஜில்லா உச்சுவாடியில் 1832-ல் பிறந்தவர். சிறு வயதில் அப்பா போய்விட, மாதம் ஒரு ரூபாய்க்குக் கிராமக் கணக்குப்பிள்ளைக்கு உதவியாக வேலை பார்த்தார். திருவாரூர் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் கண்ணில் அந்தப் பையனின் அறிவு பட்டது. அவர் நாகப்பட்டினத்துக்குப் படிக்க அனுப்பினார், பிறகு சென்னைக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். 1893-ல் சில மாதம் தலைமை நீதிபதி பொறுப்பையும் பார்த்தார். தெருவிளக்கில் படித்தவர் என்று எங்கள் வாத்தியார்கள் எங்களைத் திட்டும்போதெல்லாம் இவரைச் சொல்வார்கள். நீதிமன்றக் கட்டடத்துக்குள் அவர் பளிங்குச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். கால்களில் செருப்பில்லை. நான் பார்த்த அன்று அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். சேற்றில் நடந்த கால்.

இந்தியர் ஒருவருக்கு அந்த நாற்காலி கொடுத்ததை ஆங்கிலேயப் பத்திரிகைகள் எதிர்த்தன. அதற்குப் பதில் சொல்ல ஆறு இளைஞர்கள் சேர்ந்து 1878 செப்டம்பர் 20 அன்று 'தி இந்து'வைத் தொடங்கினார்கள். அவர்களில் ஜி. சுப்பிரமணிய ஐயர் திருவையாற்றுக்காரர். உச்சுவாடிக்காரருக்காகத் திருவையாற்றுக்காரர் பேசினார், ஆங்கிலத்தில். பேச வேண்டிய காது அங்கே இருந்தது. நான்கு வருஷம் கழித்து அதே சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' ஆரம்பித்தார், தமிழில். முதல் பத்திரிகை மேல்நோக்கிப் பேசியது, இரண்டாவது பக்கத்தில் இருப்பவனிடம் பேசியது. இரண்டும் வேண்டியிருந்தன.

1850-களின் பின்பாதியில் முத்துசாமி ஐயரும் தரங்கம்பாடியில் முன்சீப்பாக இருந்திருக்கிறார். 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்த அந்தக் கடற்கரை ஊரின் ஒரே நாற்காலியில் சில வருஷ இடைவெளிக்குள் இவர்கள் இருவரும். ஒருவர் அங்கிருந்து மேலே மேலே ஏறினார். மற்றவர் கடைமடையிலேயே தங்கினார். யார் பெரியவர் என்ற கேள்வி எனக்கு வரவில்லை. தங்கினவர் பக்கம் மனம் சாய்கிறது, அவ்வளவுதான்.

ஐப்பசி 17

1876 முதல் 1878 வரை பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டி சொல்லுவாள், அவளுக்கு அவள் பாட்டி சொன்னது. அப்போது வேதநாயகம் பிள்ளை வேலையில் இல்லை. தன் கைப்பொருளைக் கொடுத்துக் கஞ்சி ஊற்ற ஏற்பாடு செய்தார். இதே ஊரில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கண்டு அவர்மேல் ஒரு கீர்த்தனை பாடினார். பசித்தவர்களுக்கு உதவிய திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரைப் புகழ்ந்து வேதநாயகம் பிள்ளை பாடினார். கிறிஸ்தவர் சைவ மடாதிபதியைப் பாடுகிறார், நந்தனைப் பாடிய பாரதியார் கிறிஸ்தவரைப் பாடுகிறார். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஏற்கெனவே 'குளத்தூர்க் கோவை' என்று அவர்மேல் ஒரு நூலே பாடியிருந்தார். 1878-ல் வேதநாயகம் பிள்ளை 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' வெளியிட்டார். அந்தத் தலைப்பைப் பஞ்ச வருஷத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது அதன் எடை கூடுகிறது.

ஐப்பசி 20

கைக்கூலி. லஞ்சத்துக்கு அவர் காலத்துச் சொல். 'நீதி நூல்' முன்சீப் வேலையில் அமர்ந்த புதிதில் வந்தது, அதில் கைக்கூலியைக் கண்டித்துப் பாடியிருக்கிறார். இங்கிலாந்தில் கோக்கின் ஜென்மப் பகையாளி பிரான்சிஸ் பேக்கன் அழகான கட்டுரைகளில் அறம் எழுதியவர். நாட்டின் உச்ச நீதிப் பதவியில் இருந்தவர், 1621-ல் வழக்காளிகளிடம் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டு வீழ்ந்தார். எழுத்து மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது.

பாட்டாக எழுதிவிட்டு அதே ஊரில் மறுநாள் கோர்ட்டுக்குப் போய் உட்காருவது சாதாரணமில்லை. ஊரே அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு அவர் கையைப் பார்க்கும்.

ஐப்பசி 24

மூன்று நாளாக நோட்டைத் திறக்கவில்லை. எழுத வேண்டியதை ஒத்திப்போட்டுக்கொண்டிருந்தேன்.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் ஒரு மனு போடுகிறான். சிதம்பரம் போய் நடராசரைப் பார்த்துவர உத்தரவு வேண்டும். மனு வாங்குகிறவர் அவன் ஆண்டையான வேதியர். பெரியபுராணத்தில் இந்த வேதியர் கிடையாது. தன் காலத்துத் தஞ்சாவூர்ச் சீமையைக் கண்ணால் பார்த்து பாரதியார் சேர்த்த பாத்திரம். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்று உத்தரவு வருகிறது. மனுவை நிராகரிக்காமலே நிராகரிக்கிற உத்தரவு. இப்படிப்பட்ட உத்தரவுகளைக் குமாஸ்தாவாக நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நந்தனுக்கு அந்த உத்தரவு நல்ல தமிழில்தான் சொல்லப்பட்டது. ஒவ்வொரு சொல்லும் அவனுக்குப் புரிந்தது.

இங்கேதான் என் எண்ணம் தடுக்கி நிற்கிறது. வேதநாயகம் பிள்ளையின் நாவல் உலகம் வசதியான வீட்டின் உலகம். சேற்றில் நிற்கிறவர்களின் கண்வழியே அதில் கதை நகர்வதில்லை. அதே ஊரில் அவருடைய நண்பர் பாரதியாரின் கண் போன இடத்துக்கு முன்சீப்பின் கண் நாவலில் போகவில்லை. இதை அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை.

1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணி. கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டவர்களின் குடும்பங்கள். பெண்களும் குழந்தைகளும் பெரும்பான்மையாக, 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனார்கள். மிராசுதார்கள் மேல் வழக்கு நடந்தது. கீழே தண்டனை, மேலே விடுதலை. நிலபுலம் உள்ள, கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பில் ஒரு காரணம். அதைத் தமிழில் ஒரு கூட்டத்தில் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். முழுக்கப் புரிந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், வாசித்து முடிந்த பிறகும் வாசித்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதோ ஒரு வரி பாக்கி இருப்பதுபோல.

ஐப்பசி 25

நேற்றையதின் தொடர்ச்சி. ஜே. எச். நெல்சன் என்ற ஆங்கிலேய நீதிபதி, மதுரைச் சீமையைப் பற்றிய பெரிய நூலை 1868-ல் எழுதியவர், 1877-ல் ஒரு புத்தகத்தில் கேட்டார்: வடமொழி தர்ம சாஸ்திரத்தைக் காதால்கூடக் கேட்டிராத தமிழ்க் குடியானவன்மேல் அதையே அவன் சட்டம் என்று உயர் நீதிமன்றம் எப்படிச் சுமத்தலாம்? அவனுக்கென்று வழக்கம் இருக்கிறதே, அதைப் போய்க் கேளுங்கள். அவருடைய மேலதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை, மறுத்து எழுதினார்கள்.

நெல்சன் கேட்டதும் வேதநாயகம் பிள்ளை செய்ததும் ஒரே மடையின் இரண்டு பக்கம் போலத் தெரிகிறது. மேலே இருப்பது கீழே இறங்க வேண்டும் என்றார் இவர். கீழே இருப்பது மேலே ஏற வேண்டும் என்றார் அவர். வெண்மணியில் இரண்டாவதுதான் நடக்கவில்லை.

ஐப்பசி 28

1879-ல் அச்சான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை மறுபடி எடுத்தேன். கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாளுகிற பகுதிக்கு வந்ததும் மெதுவாகப் படிக்கிறேன். அங்கே கதை நின்றுவிடுகிறது, முன்சீப் பேச ஆரம்பித்துவிடுகிறார். நீதிபதி தமிழர், வக்கீல் தமிழர், வாதியும் பிரதிவாதியும் தமிழர், ஆனால் வழக்கு நடப்பது ஆங்கிலத்தில் என்றால் அது யாருக்காக என்று ஞானாம்பாள் வழியாகக் கேட்கிறார். விமரிசகர்கள் இந்த இடத்தைக் கதைக்குப் புறம்பான பிரசங்கம் என்பார்கள். எனக்கு நாவலின் உயிரே அங்கேதான் துடிக்கிறது. பெண்களின் படிப்புக்காக 1869-லேயே 'பெண்மதி மாலை' எழுதியவர், நியாயத்தைக் கேட்கும் பொறுப்பையும் ஒரு பெண்ணின் வாயில் கொடுத்தார்.

2006-ல் தமிழ்நாடு சட்டமன்றம், உயர் நீதிமன்றத்தில் தமிழ் வழக்காடு மொழியாக வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது இன்னும் கைகூடவில்லை. 2019-ல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை இந்திய மொழிகளில் பெயர்த்து வெளியிடத் தொடங்கியது. முதல் பட்டியலில் தமிழ் இல்லை. கேட்டுக் குரல் எழுப்பிய பிறகு சேர்த்தார்கள். 1862-ல் ஒரு முன்சீப், உத்தரவு எதற்கும் காத்திராமல், விளக்கொளியில் தனியாகச் செய்த வேலை.

கார்த்திகை 1

முடவன் முழுக்கு. ஐப்பசிக்குள் முழுக்குப் போட்டுவிட வேண்டும் என்று கிளம்பிய ஒரு முடவர், நடக்க முடியாமல், மாதம் முடிந்த மறுநாள்தான் இங்கே வந்து சேர்ந்தாராம். அவருக்காக இறைவன் ஒருநாள் கூட்டிக் கொடுத்தார் என்பது கதை. காலக்கெடு கடந்துபோன எத்தனையோ மனுக்களைக் கையில் வாங்கித் திருப்பிக் கொடுத்தவன் நான். இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அந்த முகங்கள் வரும்.

கூட்டம் நேற்றைவிடக் குறைவு. முழுகிவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். முன்பு நான் கோர்ட் வாசலில் இருந்ததைப் பார்த்திருக்கிறாராம். மஞ்சள் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் தாள்கள்.

"எங்க வூட்டுக்காரரு இருந்தப்ப போட்ட கேசுங்கய்யா. தீர்ப்பு ஆயிடுச்சுன்னு குடுத்தாங்க. ஜெயிச்சுட்டன்னாங்க. என்ன எழுதியிருக்குன்னு தெரியல."

படியிலேயே உட்கார்ந்தோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பாராவாகத் தமிழில் சொன்னேன். தெரிந்த சொல்லாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அவர் இடையில் பேசவில்லை. எதிர்த்தரப்புச் சாட்சி சொன்னதை வாசித்தபோது மட்டும், "அப்படியா சொன்னான்" என்றார், மெதுவாக. தீர்ப்பு வரியைச் சொல்லி முடித்தேன். வாசிப்பு முடிந்துவிட்டது என்று தாளை மடிக்கப் போனேன்.

"நாலெல்லை போட்டிருக்காங்களாய்யா?"

கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம் இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வடக்கே பாசன வாய்க்கால்" என்றேன்.

வலது கையை எடுத்து ஆற்றுப் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டார். "ம்."

"தெற்கே வண்டிப் பாதை."

"ம். இருக்கு. புளியமரம் அங்கதான் நிக்கிது."

"கிழக்கே..."